ஸ்டிக்கர் உரிவதற்குப் பசை மட்டும் காரணமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பைக் டேங்கில் ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றே மாதத்தில் ஓரம் சுருண்டு, நடுவில் கொப்புளம் கண்டுவிட்டால் வண்டிக்காரர் சொல்வது, "பசை சரியில்லை." கடைக்காரர் சொல்வது, "நம்ம ஊர் வெயிலுக்கு இவ்வளவுதான் தாங்கும்." பெரும்பாலான வண்டிகளில் இரண்டுமே காரணமில்லை. ஒட்டுவதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அவசரப்பட்டிருப்பார்கள். அல்லது ஒட்டி முடித்தபின் செய்யவேண்டிய ஐந்து நிமிட வேலையை விட்டிருப்பார்கள். வீட்டில் தாங்களே ஒட்டிப் பார்ப்பவர்களுக்கும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் தாள். நம் ஊரில் இந்தக் கடைகளுக்கு 'ரேடியம் கடை' என்றே பெயர். அந்தத் தாளில் ரேடியம் கிடையாது. இரவில் விளக்கு பட்டதும் பளிச்சிடுவது பெரும்பாலும் உள்ளே பதித்த நுண்ணிய கண்ணாடி மணிகளால். பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மின்னும் அந்தத் தாள் தடிமனானது, விறைப்பானது. மட்கார்டு, பெட்டி போன்ற தட்டையான இடத்துக்குத்தான் அது சரி. டேங்கின் குழிவில் ஒட்டச் சொல்லி வண்டிக்காரர் கேட்டாலும் கடைக்காரர் மறுக்க வேண்டும்.

சாதாரண வினைல் தாளில் காலண்டர்டு, காஸ்ட் என்று இரண்டு வகை உண்டு. காலண்டர்டு தாளைச் சூடான உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்து எடுக்கிறார்கள். தடிமன் சுமார் 70 முதல் 100 மைக்ரான் இருக்கும். பிசைந்து ஊறவிடாத சப்பாத்தி மாவைத் தேய்த்தால், கட்டையை எடுத்ததும் சுருங்குகிறதே, அந்தக் குணம் இதற்கும் உண்டு. வெயிலில் சூடேறும்போதெல்லாம் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். ஸ்டிக்கரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பசைக்கோடு தெரிந்தால், தாள் உள்வாங்கிப் பசை வெளியே நின்றுவிட்டது என்று பொருள். அந்தப் பசையில் தூசி ஏறியதுதான் கறுப்பு. காஸ்ட் தாள் தோசை மாதிரி: திரவமாக ஊற்றிக் காயவைத்து எடுப்பது. தடிமன் 50 மைக்ரான் அளவுதான். இழுத்த இழுப்பு எதுவும் அதில் தங்கியிருப்பதில்லை. அதனால் சுருங்குவது மிகக் குறைவு. வளைவுக்கும் நன்றாகப் படிந்துகொடுக்கும். விலை பல மடங்கு அதிகம் என்பதும் உண்மை. சைடு பேனல், மட்கார்டு போன்ற தட்டையான இடங்களுக்கு நல்ல காலண்டர்டு தாளே போதும். டேங்க், ஹெட்லைட் டூம், ஃபேரிங் (வண்டியின் முன்பக்க உறை) ஆகியவற்றுக்குக் காஸ்ட் இல்லாமல் வேலையில் இறங்கவே கூடாது. தடவிப் பார்த்து வகையைக் கண்டுபிடிப்பது கடினம். ரோலின் உள்பக்கமோ பெட்டியிலோ அச்சிட்டிருக்கும் தயாரிப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

படம் அச்சிட்ட ஸ்டிக்கரில் இன்னொரு சிக்கல் உண்டு. கடைகளில் பரவலாக ஓடும், கரைப்பான் கலந்த மையில் அச்சிடும் எக்கோ சால்வென்ட் மெஷினில் அச்சிட்டவுடன் மையிலிருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவதற்கு ஒரு நாளாவது வேண்டும். ரோலாகச் சுருட்டி வைக்காமல் தளர்வாகத் தொங்கவிட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் லேமினேஷன், அதாவது அச்சைக் காக்கும் மேல்தாள், போட வேண்டும். காலையில் பிரின்ட், மதியம் லேமினேஷன், மாலையில் வண்டியில் என்று முடித்தால், கரைப்பான் உள்ளேயே அடைபட்டுப் பசையை இளக்கிவிடும். சில நாளில் ஓரங்கள் நகம் போல வளைந்து எழும். மேலே போடும் லேமினேஷனும் கீழே இருக்கும் தாளும் ஒரே வகையாக இருக்க வேண்டும். காஸ்ட் தாளின் மேல் காலண்டர்டு லேமினேஷன் போட்டால், மேலே இருப்பது சுருங்கும்போது கீழே இருப்பதையும் சேர்த்துத் தூக்கும். 'காஸ்ட்தான் போட்டேன், அப்படியும் உரிகிறது' என்று கேட்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, ஒட்டும் இடம். பளபளப்பாக இருப்பதாலேயே டேங்க் சுத்தமாகிவிடாது. வாட்டர் வாஷ் கடையில் கடைசியாகத் தடவும் சிலிக்கான் பாலிஷ், செயின் ஸ்ப்ரேயின் தெறிப்பு, கை எண்ணெய் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். பலர் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்கிறார்கள். அது ஆவியானபின் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். ஷாம்பூ போட்டுக் கழுவிக் காயவைத்தபின், ஐசோபுரோபைல் ஆல்கஹால் 70 பங்கு, சுத்தமான தண்ணீர் 30 பங்கு கலந்து துடைப்பதே சரி. கைகழுவும் சானிடைசர் இதற்கு உதவாது, அதில் கிளிசரின் சேர்ப்பது வழக்கம். துடைப்பதற்கு இரண்டு துணி வேண்டும். ஒன்றில் திரவத்தை நனைத்துத் துடைத்ததும், அது தானாகக் காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாகக் காயவிட்டால், கரைந்த மெழுகு அதே இடத்தில் மறுபடி படிந்துவிடும். பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டு ஓடினால் மெழுகு இன்னும் இருக்கிறது. ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம்.

சர்வீஸ் சென்டரில் 'டெஃப்லான் கோட்டிங்' அல்லது செராமிக் கோட்டிங் போட்ட வண்டி என்றால் நிலைமை வேறு. அந்தப் பூச்சின் வேலையே எதையும் ஒட்டவிடாமல் இருப்பதுதான். ஸ்டிக்கர் ஒட்டும் எண்ணம் இருந்தால், கோட்டிங்குக்கு முன்பே ஒட்டி, மூன்று நாள் கழித்துக் கோட்டிங் போடச் சொல்லுங்கள். முறை மாறிவிட்டால், ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் பாலிஷ் கலவையால் தேய்த்து அந்தப் பூச்சை எடுத்தாக வேண்டும்.

புதுப் பெயின்ட் அடித்த டேங்க் பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே காய்வதில்லை. தின்னர் ஆவி பல நாள் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதன்மேல் தாளை ஒட்டினால் ஆவி போக வழியின்றிக் கொப்புளமாகும். அந்தக் கொப்புளம் குத்தினாலும் திரும்ப வரும். வெளிக்காற்றில் காயவிட்ட பெயின்டுக்கு மூன்று, நான்கு வாரம் பொறுப்பது நல்லது. சூட்டு அறையில் வைத்து எடுத்த இரண்டு கலவைப் பெயின்ட் (ஹார்டனர் கலந்து அடிப்பது) என்றால் சில நாளில் ஒட்டலாம்.

நேரமும் முக்கியம். மே மாதம் மதியம் வெயிலில் நின்ற டேங்கில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பசை தொட்ட இடத்திலேயே கவ்விக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் நகர்த்த இடம் தராது, தாளும் ரப்பராக இழுபடும். தகடு 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும் காலை நேரத்தில், நிழலில் ஒட்டுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் டிசம்பர் காலையில் இதற்கு நேர்மாறு: குளிர்ந்த தகட்டில் பசை பிடிக்காது, முதலில் இளஞ்சூடாக்க வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டுத் தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் தூசி எழாது. ஒரு மணல் துகள் அடியில் சிக்கினாலும் ஸ்டிக்கர் கிழியும்வரை அது கண்ணை உறுத்தும்.

ஒட்டும் முன் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் கண் ஏமாந்துவிடும். இரு பக்கத்துக்கும் அளவு எடுப்பது தரையிலிருந்து அல்ல. டேங்கின் அடி விளிம்பு, மூடி, போல்ட் துளை என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் அடையாளங்களிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குக் காகிதத்தில் அச்சு வெட்டி, அதையே திருப்பி மறுபக்கம் வைத்துப் பென்சிலால் குறித்துக்கொண்டால் பிசகாது. கம்பெனி ஸ்டிக்கர் செட் வாங்குகிறவர்கள் இடது, வலது தனித்தனி எண் கொண்டவை என்பதையும், நிறமும் ஆண்டும் மாறினால் எண்ணும் மாறும் என்பதையும் கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கையை விடச் சிறிய ஸ்டிக்கரை உலர்ந்த முறையிலேயே ஒட்டலாம். நடுவில் குறுக்கே மாஸ்கிங் டேப்பைக் கீல் போல ஒட்டி, ஒரு பாதியைத் தூக்கிப் பின்தாளை வெட்டி எடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, பிறகு மறுபாதி. பெரியதென்றால் ஈர முறை. 1 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு, மூன்று சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அவ்வளவுதான். நுரை பொங்கும் அளவுக்கு ஊற்றுவது நிறையப் பேர் செய்யும் தவறு. ஸ்டிக்கர் சுகமாக வழுக்கும், ஆனால் சோப்புப் படலம் பசைக்கும் பெயின்டுக்கும் நடுவே தங்கி, பிடிப்பைக் குறைத்துவிடும். போர்வெல் உப்புத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் வெளியேறினாலும் உப்பு உள்ளேயே நின்று வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். குடிக்கும் ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுங்கள். தகட்டிலும் பசைப்பக்கத்திலும் தெளித்து, ஸ்டிக்கரை வைத்து, நகர்த்திச் சரிசெய்தபின், ஓரத்தில் மெத்துணி ஒட்டிய பிளாஸ்டிக் தகட்டை 45 டிகிரி சாய்வில் பிடித்து நடுவிலிருந்து வெளிப்பக்கம் தள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளும் முந்தையதன் மேல் பாதி ஏறி வர வேண்டும். ஸ்டிக்கரைப் பிடித்திருக்கும் மேல் டேப்பை, அதாவது டிரான்ஸ்ஃபர் டேப்பை, உடனே உரிக்காமல் 15, 20 நிமிடம் பொறுத்து, மேல்நோக்கித் தூக்காமல் தட்டையாக மடித்துப் பின்னோக்கி இழுங்கள். எழுத்து கூடவே எழுந்தால் திரும்ப அழுத்திவிட்டு இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டியதுதான்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பசைப்பக்கத்தில் காற்று வெளியேற நுண்ணிய வாய்க்கால்கள் உள்ள தாளை ஈர முறையில் ஒட்டக்கூடாது. தண்ணீர் அந்த வாய்க்கால்களில் தேங்கிவிடும். அவ்வகைத் தாளை உலர்ந்த முறையில்தான் ஒட்ட வேண்டும்.

கொப்புளத்திலும் வகை பார்க்கத் தெரிய வேண்டும். ஈர முறையில் ஒட்டிய மறுநாள் தெரியும் சின்னஞ்சிறு நீர்க்கொப்புளம் சில நாளில் தானாக அடங்கும், அதைக் குத்தாதீர்கள். காற்றுக் கொப்புளம் பெரிதாக இருந்தால் அடங்காது. அதன் ஓரத்தில் மெல்லிய ஊசியைச் சாய்வாக நுழைத்து, எதிர்ப்புறமிருந்து விரலால் அழுத்தி வந்தால் காற்று வெளியேறிவிடும். பிளேடால் கீறினால் அந்தக் கீறல் நாளடைவில் வாய் திறக்கும்.

வளைவுதான் இந்த வேலையின் உயிர். டேங்கின் முட்டி வைக்கும் குழிவில் தாளை இழுத்து ஒட்டிவிட்டு வந்தால், சில வெயில் நாட்களில் அது குழிவிலிருந்து எழுந்து கூடாரம் போட்டு நிற்கும். இழுபட்ட வினைல் பழைய உருவத்துக்குத் திரும்ப முயல்வதே காரணம். ஒட்டும்போது 50, 60 டிகிரி சூடு போதும், தாள் இளகிக்கொடுக்கும். 100 மில்லிமீட்டர் தாளை 110 மில்லிமீட்டருக்கு மேல் இழுக்கவேண்டி வந்தால், இழுப்பதை விட்டுவிட்டு யாருக்கும் தெரியாத ஓரத்தில் ஒரு வெட்டுக் கொடுத்துத் தாளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிடுவது மேல். ஒட்டி முடித்தபின், இழுபட்ட இடங்களை 90 டிகிரிக்கு மேல் ஒருமுறை சூடாக்க வேண்டும். காஸ்ட் தாள் அந்தச் சூட்டில் பழைய உருவத்தை மறந்து புது உருவத்தில் நிலைத்துவிடும். நாங்கள் தொடக்கத்தில் சொன்ன, விட்டுப்போகும் ஐந்து நிமிட வேலை இதுதான். ஆனால் பிளாஸ்டிக் பாகத்தில் கவனம் தேவை. ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இளகத் தொடங்கும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் பேனல் நெளிந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் ஹீட் கன் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. உள்ளே பழுக்கும் கம்பியோடு இயங்கும் கருவி அது. 'டேங்க் காலிதானே' என்பது இன்னும் ஆபத்தான பேச்சு. காலி டேங்கில் நிற்கும் பெட்ரோல் ஆவிதான் தீப்பிடித்து வெடிக்கும். டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, கழுவி, ஆவி முழுதும் போனபின், காற்றோட்டமான இடத்தில்தான் சூடு காட்ட வேண்டும். அதற்கு வசதி இல்லாதவர்கள் 70, 80 டிகிரி வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தாளின்மேல் போட்டு இளக்கி ஒட்டுங்கள், கைக்குத் தடித்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு. நேரம் பிடிக்கும், இழுப்பையும் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள முடியும். அதற்கேற்ற சிறிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போயிற்று.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே ஆயுளும் தீர்மானமாகிவிடுகிறது. கூர்மையான மூலைதான் முதலில் எழும். எல்லா மூலையையும் 3 மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருட்டி வெட்டச் சொல்லுங்கள். பேனல் விளிம்பிலிருந்து 3 முதல் 5 மில்லிமீட்டர் உள்ளே நிறுத்துங்கள். டேங்க் மூடியைச் சுற்றி 15 மில்லிமீட்டராவது விட்டுவிடுங்கள். பெட்ரோல் பங்கில் கடைசியாகச் சிந்தும் சொட்டுப் பெட்ரோல் ஓரம் வழியே உள்ளே போய்ப் பசையைக் கரைக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றித் துடைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. ஒட்டியபின் மிச்சத்தை வண்டியின் மேலேயே பிளேடால் வெட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கை எவ்வளவு பழகியிருந்தாலும் பிளேடு, பெயின்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டைக் கீறும். அந்தக் கீறலில் மழைத்தண்ணீர் இறங்கி, இரும்பு டேங்கில் துரு தாளுக்கு அடியிலேயே படரும். உரித்துப் பார்க்கும் நாளில்தான் அது தெரியவரும்.

பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை பேனலின் உள்பக்கம் பாருங்கள். பொருளின் பெயர் சுருக்கமாக அச்சில் வார்த்திருக்கும். ஏபிஎஸ் என்றிருந்தால் கவலை இல்லை. பெயின்ட் அடிக்காத பிபி, அதாவது பாலிபுரோபிலீன் மட்கார்டுகளில் சாதாரணப் பசை பிடிக்காது. அதற்கென்றே உள்ள வலுவான பசைத்தாள் வேண்டும். மண்பாதையில் ஓட்டும் சில பைக்குகளின் டேங்க் பாலிஎத்திலீனால் ஆனது. அதன் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவி மெல்லக் கசிந்து வரும் என்பதால் எந்தத் தாளை ஒட்டினாலும் கொப்புளிக்கும். சிறு துளைகள் இட்ட தாள் மட்டுமே அங்கே கொஞ்ச காலம் நிற்கும்.

ஒட்டியபின் 24 மணி நேரம் தண்ணீர் படாமலும், மூன்று நாள் வாட்டர் வாஷ் கடைப் பக்கம் போகாமலும் இருந்தால் பசை முழுப் பிடிப்புக்கு வந்துவிடும். அதன் பிறகும் அழுத்த நீரை ஓரத்தில் சாய்வாக அடிக்க விடாதீர்கள். ஒரு அடிக்குக் குறையாத தூரத்திலிருந்து நேராக அடிக்கச் சொல்லுங்கள்.

'மேலே ஒரு கிளியர் கோட் அடித்துவிட்டால் ஆயுசுக்கும் இருக்குமே' என்று கேட்பவர்கள் அதிகம். காலண்டர்டு தாளின்மேல் அடிக்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. அடியில் தாள் சுருங்கச் சுருங்க, மேலே கிளியர் கோட் ஸ்டிக்கரின் வடிவத்திலேயே வெடிக்கும். கிளியர் கோட்டுக்கென்றே உள்ளது தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் டிரான்ஸ்ஃபர். ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, வழுக்கி வைத்து, அடியிலுள்ள நீரை ஒற்றி எடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு இரண்டு கலவைக் கிளியரை முதல் தடவை பனிபோல் மெலிதாகத் தூவி, 10, 15 நிமிடம் பொறுத்து, அதன்பின்தான் நிறைய அடிக்க வேண்டும். முதல் தடவையே நனைய அடித்தால் படம் சுருங்கி நெளியும். தின்னரில் கரைத்து அடிக்கும் என்சி லாக்கர் (நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு) அடித்தால் கரைந்தே போகும். ஓரத்து மேடு மறைய, முழுதாகக் காய்ந்தபின் 1000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மறுபடி ஒரு கிளியர், பிறகு 1500, 2000, பாலிஷ். அந்த இரண்டு கலவைக் கிளியரின் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் மூச்சுக்குழலைக் கெடுத்து ஆஸ்துமா வரை கொண்டுபோகும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கும் பெயின்டர் தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. காற்றை வெளியிலிருந்து குழாயில் தரும் முகமூடியே இதற்குச் சிறந்தது. குறைந்தபட்சம் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி வைத்த முகமூடியாவது முதலாளிகள் வாங்கித் தர வேண்டும்.

ஸ்டிக்கரை எடுப்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நகத்தாலோ இரும்புத் தகட்டாலோ சுரண்டாமல், வெந்நீர்த் துண்டால் இளக்கி, ஒரு மூலையிலிருந்து சாய்வாக மெதுவாக இழுங்கள். மிஞ்சும் பசைக்கு மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சில நிமிடம் போட்டுவைத்தாலே இளகிவிடும். தின்னர் மட்டும் கூடாது. பிளாஸ்டிக் பேனல் மங்கி வெடிக்கும், ஹெட்லைட் கண்ணாடி போலிருக்கும் பாலிகார்பனேட்டில் நூல்நூலாக விரிசல் விழும். கம்பெனி ஸ்டிக்கரை எடுக்க நினைத்தால், முதலில் அதன் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டவில்லையென்றால் அது கிளியர் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. உரித்து எடுக்க வழியில்லை, பெயின்ட் வேலைதான்.

எங்கே ஒட்டக்கூடாது என்பதும் உண்டு. நம்பர் பிளேட், விளக்குகள், ரிஃப்ளெக்டர் இவற்றின் மேல் எதுவும் படக்கூடாது. வண்டியின் மொத்த நிறமே மாறும்படி ஒட்டினால் பதிவுச் சான்றிதழில் உள்ள நிறத்தோடு பொருந்தாது என்பதால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள் நாளிதழ் வாயிலாகக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒட்டிய தாள் காஸ்ட்டா காலண்டர்டா, ரோலின் தயாரிப்பு எண் என்ன, லேமினேஷன் எந்த வகை, இந்த மூன்றையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் விலையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். காஸ்ட்டுக்குக் காசு வாங்கிக் காலண்டர்டு ஒட்டுவது இப்படி எழுதிக் கொடுக்கும் கடையில் நடக்காது.

இப்படிக்கு,
இருசக்கர வாகன ஸ்டிக்கர், பெயின்டிங் வேலை செய்வோர் சிலர்,
கோயம்புத்தூர்.